அந்தச் செவ்வாய்க்கிழமையின் பதினாறு பக்கங்கள்

2001ஆம் ஆண்டு இலையுதிர் காலம். கனடாவின் மொன்றியல் நகரில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சட்டத்தரணி அம்மா ஒருவரின் அலுவலகத்தில் அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அகதிக் கோரிக்கை கொடுக்க வரும் எங்கள் ஆட்களின் கதையைக் கேட்பது, அதை ஆங்கிலத்தில் படிவத்தில் எழுதுவது, எழுதியதைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது, கடைசியில் "இவர் சொன்னதைச் சரியாக மொழிபெயர்த்தேன்" என்று கீழே கையெழுத்து வைப்பது. இதுதான் என் வேலை. பல வருடம் செய்ததில் எனக்கு ஒரு பெயரும் வந்திருந்தது. நான் எழுதிய படிவத்தில் திகதி பிழைக்காது என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமைதான் காரணம்.

அன்று வந்தவர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். முப்பது வயது கடந்திருக்கும். வெளியில் நல்ல குளிர். யாரோ கொடுத்த ஆண்களின் மேலங்கி ஒன்றைப் போட்டிருந்தார். கதிரையில் இருந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. ஆறு வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வந்ததாகச் சொன்னார்.

அவருடைய கணவர் வர்ணம் பூசுகிறவர். ஊர் ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டிய ஒரு நோயாளர் விடுதிக்கு அவரும் இன்னும் சிலரும் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த விடுதியைத் திறந்துவைக்க நாட்டின் ஜனாதிபதி வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை பின்னேரம், வேலை முடியுமுன்னரே, எல்லோரும் உடனே வெளியே போங்கள் என்று தொழிலாளர்களைத் துரத்திவிட்டார்கள். அந்த அவசரத்தில் அவர் வேலைக்குப் போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மாற்றுச் சட்டை சாமான் அறையில் கொழுவியபடி இருந்துவிட்டது. அதன் பையில்தான் அவருடைய அடையாள அட்டை.

அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் எங்கள் பகுதிகளில் நூறு அடிகூட நடக்க முடியாது. மறுநாள் காலையில் "சட்டைய எடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவர்கள் அவரை ஒரு வாகனத்தில் ஏற்றியதைக் கண்டதாக அங்கே கூட்டித் துடைக்கும் ஒருவர் பிறகு வந்து சொன்னாராம். அப்போது இவர் நான்கு மாதக் கர்ப்பிணி, இந்த மகள்தான் வயிற்றில்.

"எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை கா. அமாவாசைக்கு முதல் நாள். பத்து மணி இருக்கும், வீட்டுக்கு மேலால ஹெலிகொப்டர் போன. அவர் இன்னும் வரல்லையே எண்டு வாசல்ல நிண்டு பார்த்த நான்."

"கா" என்பது அவர்கள் பக்கத்தில் உரிமையோடு சேர்க்கும் சொல். மாதமும் வருடமும் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாகக் கணவரைத் தேடி அலைந்தது, தேடிப்போன இடங்களில் இவரையே விசாரிக்கத் தொடங்கியது, கடைசியில் பிள்ளையோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டது எல்லாம் சொல்லி முடித்தார்.

வழக்குக்கு ஆதாரமாக ஏதாவது கிடைக்குமா என்று நான் பழைய பத்திரிகைகளில் தேடினேன். ஒரு சின்னச் செய்தி அகப்பட்டது. ஜனாதிபதி அந்த ஆஸ்பத்திரியின் புதிய விடுதியைத் திறந்துவைப்பார் என்றிருந்தது. ஆனால் அதில் போட்டிருந்தது வெள்ளிக்கிழமை. இவர் சொன்ன செவ்வாய்க்கு மூன்று நாள் பிந்தி.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பாவம், துன்பத்தில் நாளை மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அமாவாசையை வைத்துத் திகதி சொல்லும் ஆட்கள் பிழை விடுவார்கள் என்றும் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவள் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். படிவத்தில் வெள்ளிக்கிழமையின் திகதியை எழுதினேன்.

அடுத்த கிழமை, ஏழு நாள் கழித்து, வாசித்துக் காட்டியபோது அந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"இல்ல கா, அது செவ்வாய்க்கிழமை. முதல்ல வெள்ளி எண்டுதான் சொன்ன, மறுகா..."

"தங்கச்சி, பேப்பரில வெள்ளி எண்டு கிடக்குது. பேப்பரில இருக்கிறதைத்தான் இஞ்ச நம்புவினம். உங்களுக்கு நாள் மாறிப்போச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். நானும் என் கையெழுத்தை வைத்தேன். மட்டக்களப்புப் பேச்சில் "மறுகா" என்றால் பிறகு. அந்த "மறுகா"வுக்கு அடுத்து அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை.

விசாரணை 2003ஆம் ஆண்டு மாசி மாதம்தான் வந்தது. விசாரணைச் சபைக்கு அவர்களுடைய சொந்த மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனாலும் சட்டத்தரணி அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் பின்னால் ஒரு கதிரையில் இருந்தேன்.

விசாரித்தவர் அமைதியானவர், குரலை உயர்த்தவே இல்லை. நடந்ததை உங்கள் சொல்லில் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெண் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்றார். விசாரித்தவர் படிவத்தைப் புரட்டினார். படிவத்தில் வெள்ளிக்கிழமை என்றிருக்கிறதே என்று கேட்டார். நாங்களே ஆதாரமாகக் கொடுத்த பத்திரிகைத் துண்டையும் எடுத்துக் காட்டினார். ஜனாதிபதி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் திங்கட்கிழமையே தொழிலாளர்களை ஏன் துரத்த வேண்டும்? செவ்வாய்க்கிழமை ஹெலிகொப்டர் எப்படி வரும்? அந்த ஒரு நாளில் பிசகினால் முழுக் கதையும் ஆட்டம் கண்டுவிடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"செவ்வாய்க்கிழமைதான்" என்று அவர் மறுபடி சொன்னார்.

இந்தப் படிவத்தை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா என்று விசாரித்தவர் கேட்டார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு முன்னால் திரும்பி, "ஓம், வாசிச்சுக் காட்டின. நான்தான் கவனிக்கல்ல" என்றார்.

நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இடைவேளையில் சட்டத்தரணி அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, நீ எழுதியது அவர் சொன்னதைத்தானே என்று கேட்டபோதும் ஓம் என்றுதான் தலையாட்டினேன். என் கையெழுத்து அந்தப் படிவத்தில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம்.

விசாரித்தவர் மேலதிக ஆதாரம் இருந்தால் கொண்டுவரச் சொல்லி மூன்று கிழமை தவணை கொடுத்தார்.

அடுத்த நாள் காலை அலுவலகம் திறந்ததும் சட்டத்தரணி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, இப்போது சொன்னதை அப்படியே எழுதிச் சத்தியக் கடதாசியாகக் கையெழுத்து வை என்றார். ஆனால் அது மட்டும் போதாது. செவ்வாய்க்கிழமைதான் ஜனாதிபதி வந்தார் என்பதற்கு அரசாங்கத்தின் கடதாசி ஒன்று வேண்டும், அதை நீதான் தேடவேண்டும் என்றார்.

அன்று பின்னேரமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் ஓர் அறை. கதவைத் திறந்தவர் என் முகத்தைக் கண்டதும், "உள்ளுக்க வாங்க கா, குளிரெல்லோ" என்றார். நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் கேட்டேன்.

"உங்கட வேலைக்கு ஏதும் ஆகிடும் எண்டு நினைச்ச. எனக்கும் ஒரு நாள் பிழைச்சா என்ன, அவர் போனது போனதுதானே எண்டு நினைச்ச. ஆனா அங்க போய் இருந்த உடன வெள்ளி எண்டு சொல்ல வாய் வரல்ல கா. அது செவ்வாய்க்கிழமை."

அப்போதுதான் அந்த "மறுகா"வின் மிச்சத்தைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்று அறிவித்துவிட்டு, பாதுகாப்புக்காக யாருக்கும் சொல்லாமல் மூன்று நாள் முந்தியே வந்துவிட்டார்கள். அதனால்தான் திங்கட்கிழமை பின்னேரம் அந்த அவசரம். அதனால்தான் சட்டை விடுபட்டது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுத்திருக்கவில்லை.

கொழும்பில் அரசாங்கத்தின் பழைய கோப்புகளை வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அப்போது ஊரில் சண்டை நின்றிருந்த காலம். அதிகாலையில் எழும்பி, அங்கே பின்னேரமாக இருக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். மூன்று நாளாக ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் மாற்றிவிட்டார்கள். நான்காம் நாள் ஒரு சிங்களவர் எடுத்தார், வயதான குரல். நான் ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன், என் பிழையையும் சேர்த்து. இடையில் ஒரு தடவையும் அவர் மறிக்கவில்லை. ஜனாதிபதி போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் நிமிடவாரியாகக் கோப்பு இருக்கும், தேடிப் பார்க்கிறேன், உத்தரவாதம் தர முடியாது என்றார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.

தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது அலுவலகத் தொலைநகல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று பதினாறு பக்கங்கள் வந்தன. முதல் பக்கத்தின் மேலே திகதி. செவ்வாய்க்கிழமை. முத்திரையிட்ட பிரதி தபாலில் வருகிறது என்றும், அந்தப் பெண்மணிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படியும் கடைசிப் பக்கத்தின் அடியில் கையால் எழுதியிருந்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. உடனே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தங்கச்சி, கிடைச்சிட்டுது! அண்டைக்கு நடந்த எல்லாம் இதில இருக்குது. நிமிசத்துக்கு நிமிசம் எழுதிக் கிடக்குது. உடன வாங்கோ" என்றேன்.

"எல்லாமோ?" என்று கேட்டார்.

"ஓம், எல்லாம்" என்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார். அந்த ஆண்களின் மேலங்கியை வாசலிலேயே கழற்றினார். உள்ளே நல்ல சேலை உடுத்தியிருந்தார். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தார். கைப்பையிலிருந்து கணவரின் சின்னப் படம் ஒன்றை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார். வழக்குக்காகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஜனாதிபதி எத்தனை மணிக்கு வாசஸ்தலத்தை விட்டுப் புறப்பட்டார், ஹெலிகொப்டரில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு இறங்கினார், யார் மாலை போட்டது, குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றியது, தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பது, வரவேற்புப் பாட்டுப் பாடிய பிள்ளைகள் நிற்கவேண்டிய வரிசை, எல்லாம் இருந்தது. அவர் முழங்காலில் கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் அடுத்தது என்ன என்பது போல என் வாயையே பார்த்தார்.

ஏழாம் பக்கத்தில், ஏற்பாட்டுக் குறிப்புகளுக்கு இடையில் ஒரு வரி வந்தது. நாள் முந்தியதால் விடுதியின் சுவர்ப்பூச்சு இன்னும் காயவில்லை, ஆகவே விருந்தினர் கதிரைகளைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போடவும்.

"அது அவர் பூசின சுவர்" என்றார்.

"ஓம் தங்கச்சி."

"வாசிங்க."

திறப்பு விழா முடிந்தது. ஹெலிகொப்டர் புறப்பட்டது. கொழும்பில் பகல் உணவு, பின்னேரம் இரண்டு கூட்டங்கள், வெளிநாட்டுத் தூதுவர் ஒருவரின் சந்திப்பு, அன்றைய கடைசித் தொலைபேசி அழைப்பு. பதினாறாம் பக்கமும் முடிந்தது. நான் கடதாசிகளைத் தட்டி ஒழுங்குபடுத்தினேன். இனி உங்கள் வழக்குக்குப் பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவரப் பத்தி எங்க கா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வாசல்ல வெச்சு ஏத்தினது. எங்க கொண்டு போன எண்டு. எல்லாம் இருக்கு எண்டு சொன்ன நீங்க."

அப்போதுதான் மேசையில் இருந்த படத்தைப் பார்த்தேன். அந்தச் சேலையைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கோப்பு ஒரு திகதிக்கான அத்தாட்சி. அவர் அரை மணித்தியாலம் பனியில் நடந்து வந்தது, கணவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிந்துகொள்ள. கிட்டத்தட்ட எட்டு வருடத்துக்குப் பிறகு பதில் வந்துவிட்டது என்று நம்பி வந்திருந்தார். அந்த நம்பிக்கையை என் வாயால் நானே கொடுத்திருந்தேன். முதல் தடவை அவர் பேச்சைக் கேட்காமல் பிழை விட்டேன். இரண்டாவது தடவை என் பேச்சை நானே கேட்கவில்லை.

"இன்னொருக்கா வாசிப்பமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நான் ஏதோ ஒரு வரியைத் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தார்.

முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். பதினாறு பக்கமும். அதில் இல்லை என்று தெரிந்துகொண்டே வாசித்தேன். அவர் அழவில்லை. முடிந்ததும் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தார். அந்த ஏழாம் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். சுவரைப் பற்றிய வரி எது என்று விரலால் காட்டச் சொல்லி, அதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு போடுவித்தார்.

"அவர்ர வேலையப் பத்தியாவது எழுதியிருக்காங்க" என்றார்.

வழக்கு வென்றது. என் சத்தியக் கடதாசியையும் அந்தக் கோப்பையும் சபை ஏற்றுக்கொண்டது. சட்டத்தரணி அம்மா என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு படிவத்தையும் இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கும்படி ஒழுங்கு செய்தார். அது எனக்கு வேண்டியதுதான்.

அந்தத் தாயும் மகளும் செயின்ட்-மிஷேல் பக்கம் வீடு மாறிப் போனார்கள். அவருக்கு ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். பல மாதம் கழித்து, ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. சுகம் விசாரித்தார். மகள் பிரெஞ்சில் கவிதை சொல்லிப் பரிசு வாங்கியதைச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, அந்த ஐயாவிட்ட ஒண்டு கேக்க ஏலுமா? அது செவ்வாய்க்கிழமைக் கடதாசிதானே. புதன்கிழமைக் கடதாசியும் இருக்குமெல்லோ? அதில ஏதும் இருக்குமோ தெரியாது."

புதன்கிழமை ஜனாதிபதி வேறெங்கோ இருந்திருப்பார். அவர் இல்லாத ஊரின் புதன்கிழமையை நிமிடவாரியாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை, எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் தங்கச்சி என்றேன்.

மறுநாள் அதிகாலை கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். அந்தப் பெரியவர்தான் எடுத்தார். கோரிக்கையை முழுவதும் கேட்டார். அப்படி ஒன்றும் இருக்காது மகளே, ஆனாலும் நான் போய்ப் பார்க்கிறேன் என்றார். இரண்டு கிழமை கழித்து ஒரே ஒரு பக்கத் தொலைநகல் வந்தது. அந்த வருடத்துக் கோப்புகள் முழுவதையும் பார்த்தேன், அவரைப் பற்றி ஒன்றும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அதை நானே செயின்ட்-மிஷேலுக்குக் கொண்டுபோய், ஒரு சொல்லும் கூட்டாமல் ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளிலே மிகச் சின்னதும் மிகச் சரியானதும் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் எழுதியிருந்தது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் கேட்கிறது.